இடப்பக்கச் சாய்வு

ஹகோதாதே துறைமுகத்தில்
நான்காம் வரிசையில் நிற்கிறது என் லாரி.
பின்னால் ஏழு டன் சிப்பி
மைனஸ் பதினெட்டில் வாய்மூடிக் கிடக்கிறது.
கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
மடியில் ஆறு வருடத்துக் கேம் கருவி.

உள்ளதைச் சொல்கிறேன், பெரிய குறை ஒன்றுமில்லை.
மூலையில் கீறல்.
பேட்டரி இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கும்.
பிறகு அந்த இடது குச்சி.
யாரும் தொடாமலே இடப்பக்கம் தள்ளும்.
டீ குடிக்கக் கையை எடுத்தால்
என் ஆள் தானாகக் கிளம்பிப் போய்
வேலியில் முட்டி
நடந்தபடியே நிற்பான்.

போன வாரம் பக்கத்து லாரியிலிருந்து குடோ
புது மாடலைக் கண்ணாடிக்கு மேல் தூக்கிக் காட்டினான்.
"இதில் கறுப்பு நிஜக் கறுப்பு, சிகாகோ-சான்,
உன்னுடையதில் இரவுகூடச் சாம்பல்தான்."
நாற்பத்தொன்பதாயிரம் யென்.
அந்தப் பணத்தில் என் காருக்கு
நாலு பனி டயரும் போட்டுவிடலாம்.
டயரையும் மூன்று வருடமாகத்
தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்,
அது வேறு கதை.

இன்று மதியம் கடைக்குப் போனேன்.
ஓனோதெரா என்று பெயர்ப்பட்டி குத்திய பையன்
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
என் கருவியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நாலாயிரத்து இருநூறு என்று சீட்டு எழுதினான்.
ஏழு நாள் செல்லும்.
புதியதைக் கையில் கொடுத்து
"நடந்து பாருங்கள்" என்றான்.

ஒரு மரப்பாலம்.
நடந்தேன். வலப்பக்கம் ஆற்றில் விழுந்தேன்.
மறுபடி நடந்தேன்.
மறுபடி ஆறு.
"குச்சி சரியில்லை" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
அவன் வாங்கி நடத்திக் காட்டினான்.
நூல் பிடித்ததுபோல் அக்கரை போய்ச் சேர்ந்தது அந்த உருவம்.

அப்போது என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
ஆறு வருடமாய் வலப்பக்கம் மயிரிழை இழுத்து இழுத்து
அதுதான் நேர் என்று நம்பியிருக்கிறது.
பழுதைக் கருவி எப்போதோ எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டது,
கடன்பத்திரம் மாதிரி.
நாலாயிரத்து இருநூறுக்கு விற்றாலும்
அது என்னிடமேதான் இருக்கும்.

"எத்தனை நாளில் சரியாகும்?"
"ஒரு வாரம் போதும்" என்றான்,
மாத்திரை கொடுக்கிற குரலில்.

கப்பலில் ஓட்டுநர் அறை.
கம்பளத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்கள் எட்டுப் பேர்.
குடோவின் குறட்டை சுகாரு நீரிணையைவிடக் கரடுமுரடு.
டீக்கோப்பை தானாக நகர்ந்து
மேசை விளிம்பில் தட்டி நிற்கிறது.

கருவியைத் திறக்கிறேன்.
அந்த வேலி நான் போட்டது.
முதல் குளிர்காலத்தில், சாய்வு தொடங்கியபோது,
இவன் அங்கே இங்கே போய்த் தொலையாமலிருக்க
ஒவ்வொரு பலகையாக வெட்டி அடித்தது.
இன்றைக்கு ஒரு பலகையை மட்டும் பிடுங்குகிறேன்.
கையை எடுக்கிறேன்.

போகிறான்.
கரை வளைகிற இடத்தில் உரசிக்கொண்டே வளைகிறான்,
நாணலுக்குள் மறைகிறான், வருகிறான்.
அங்கே ஒரு பெஞ்சு.
பெஞ்சில் ஒரு பூனை.
ஆறு வருடமாக அது அங்கேதான் தூங்கியிருக்கும் போல.
நின்று ஏதாவது பேசுவான் என்று பார்த்தேன்.
அதையும் தாண்டிப் போகிறான்.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
சட்டைப்பையில் சீட்டு, இன்னும் ஆறு நாள்.
சார்ஜர் லாரியில் இருக்கிறது,
லாரி கீழே பூட்டிய தளத்தில்.

அவன் போய்க்கொண்டிருக்கட்டும்.
ஆறுவதற்குள் டீயைக் குடித்துவிடுகிறேன்.